பின்பக்கம் திறந்த பெட்டி

பன்னிரண்டு இஞ்ச், எட்டு ஓம், பெட்டியோட வாட்டுக்கு மேல தாங்கற ஒண்ணு, இது மூணும் பொருந்திருச்சுன்னா மிச்சமெல்லாம் உங்க காதுதாங் சார் என்று ஸ்பீக்கர் கடை நாச்சிமுத்து சொல்லி முடிப்பதற்குள் நான் அந்தக் கிழிசலைப் பார்த்துவிட்டேன். பார்த்துவிட்டு, பார்க்காதவனைப் போல, காந்தத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டை வாசித்தேன். எட்டு ஓம். அதில் சந்தேகமில்லை. திருகாணிகளை அவர் ஒரு டப்பா மூடியில் போட்டு வைத்திருந்தார், ஆம்ப்ளிஃபயரின் மரப்பெட்டி மேசையில் முகம் கவிழ்ந்து கிடந்தது, அதன் வயிற்றிலிருந்து எடுத்த ஸ்பீக்கர் அவர் கையில் மல்லாந்திருந்தது. கறுப்புக் காகிதக் கூம்பு, நடுவில் குமிழ், குமிழுக்கு ஒரு பக்கத்தில் மட்டும் அடுத்தடுத்து நேராகச் சில கோடுகள். பழையதாகித் தானாகக் கிழிந்தால் காகிதம் விளிம்பைச் சுற்றி வளைந்து கிழியும், காது மடலைப் போலத் தொங்கும், அதைக் கல்லூரி நாளிலேயே பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. முன்பக்கத் துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு நூல் பிரியவில்லை. கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்பக்கம் திறந்திருக்கும், ஒரு கை நுழைகிற அளவுக்கு. ஆகவே கை பின்னாலிருந்துதான் போயிருக்க வேண்டும். கை என்று ஏன் நினைக்கிறேன். "எலிங் சார்" என்றார் நாச்சிமுத்து, கூம்பை வெளிச்சத்துக்குத் திருப்பி. "பொறத்தால தொறந்து கெடக்குதில்லீங், உள்ள பூந்துக்கும்." பக்கத்து ஸ்டூலில் குழாய் ஸ்பீக்கர் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த துரைசாமி, கோயில் நோம்பி, திருவிழாக்களுக்கு சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர் என்று வந்தவுடனேயே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர், எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "எங்க குடோன்ல ஒருக்கா பதினஞ்சு இஞ்ச் கோனை அப்படியே தின்னுபோட்டு, காந்தத்து மேல குட்டி போட்டு வெச்சிருந்துச்சுங். நோம்பி அன்னைக்கு ஆன் பண்ணா கீச்சு கீச்சுங்குது. சாமியாடி, அம்மன் பேசறான்னு எந்திரிச்சுட்டான்." நானும் சிரித்தேன். எலி. எவ்வளவு நல்ல சொல். எலிக்குப் பல் உண்டு, பசி உண்டு, காரணம் உண்டு. எலி என்றே இருக்கட்டும் என்று ஒரு மூச்சு நேரம் இருந்தேன். ஆனால் எலி நேர்கோட்டில் கடிக்காது. எலி இணைகோடுகள் போடாது. இணைகோடுகளை நான் இதற்கு முன்னால் வேறோரிடத்தில் பார்த்திருக்கிறேன்.

ஆதிரை இப்போது வீட்டில் தனியாக இருக்கிறாள். இதை ஒரு வாக்கியமாக மனதில் சொல்லிப் பார்த்தேன், அப்போதுதான் அதன் எடை தெரிந்தது. சுகந்தி காலையிலேயே திருப்பூருக்கு வளைகாப்புக்குப் போய்விட்டாள், போக மாட்டேன் என்றவளை நான்தான் அனுப்பி வைத்தேன், நான் வீட்டிலேயே இருக்கேன், நீ போயிட்டு வா, எத்தனை நாளைக்கு இப்படியே என்று. அப்புறம் ஆதிரை குளிக்கப் போனாள். அவள் அறையில் இந்தப் பெட்டி கண்ணில் பட்டது. சில வாரங்களாகவே கதவுக்கு அந்தப் பக்கம் கரகரவென்று ஒரு சத்தம், தொண்டை கட்டின மாதிரி. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்ததில் ஸ்பீக்கர் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மாத்திரட்டுமா ஆதி என்று கேட்டதற்கு, சும்மா இருக்கட்டும்ப்பா, என்றாள், தலையைத் தூக்காமல். சும்மா இருக்கட்டும் என்பதை நான் பதினேழு வயதின் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். குளியலறைக் கதவைத் தட்டி, காந்திபுரம் வரைக்கும் போயிட்டு வந்துர்றேன் என்றேன், தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளிருந்து சரி என்று வந்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். ஒரு ஆச்சரியமாக இருக்கட்டுமே என்று. வடவள்ளியிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்கு சந்தோஷமாக இருந்தது, அது வேறு. தனியாக விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை, பல மாதங்களில் முதல் தடவை தோன்றவில்லை. குணமாகி வருகிறோம் என்பதன் அடையாளம் அது என்று வேண்டுமானால் சொல்லலாம். அவள் குணமாகி வருவதையா, நான் மறந்துபோவதையா. "இதக் கேளுங் சார்" என்று நாச்சிமுத்து புது ஸ்பீக்கர்கள் மூன்றில் முதலாவதை இரண்டு கிளிப்பால் கவ்வவைத்து, நான்கு கம்பி மட்டும் மிச்சமிருந்த கடைக் கிட்டாரை என் கையில் கொடுத்தார். வாசித்தேன். அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்தது, மேசை மேலிருந்த திருகாணிகள் மூடிக்குள் நடந்தன. "நெஞ்சு அதிருதுங்களா?" அதிர்ந்தது. துரைசாமி திருப்தியோடு, "இதுதானுங் சத்தம். இதப் போட்டீங்கன்னா பேரூர்ல அடிச்சா செல்வபுரத்துல கேக்கும்" என்றார். ஒரு பெண் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வாசிக்கிறதுக்கு, என்றேன். "அப்ப வேண்டாங்" என்றார் அவர், குழாய் ஸ்பீக்கரைத் தடவிக்கொண்டு, ஏதோ அந்தப் பெண்ணுக்காக வருத்தப்படுவது போல.

போன் செய்யலாம். சட்டைப் பையிலேயே இருக்கிறது. செய்யக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். ஊர் திரும்பி வந்த புதிதில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம், அவள்தான் சொன்னாள், சும்மா சும்மா கதவைத் தட்டக் கூடாது, வெளியே போனால் போன் பண்ணி வேவு பார்க்கக் கூடாது, எனக்கு முடியலைன்னா நானே சொல்லுவேன், நீங்க கேட்டுக்கிட்டே இருந்தா சொல்ல வர்றதும் வராது. சரி என்று தலையாட்டிவிட்டு, ஒரு வாரம் தாங்கவில்லை எனக்கு. பால் வாங்கணுமா என்று கேட்கிற சாக்கில் கடையிலிருந்து கூப்பிட்டேன். "அப்பா, பால் வேணுமான்னு கேக்கறதுக்கு யாருக்கும் குரல் இப்படி நடுங்காது" என்றாள். அதிலிருந்து கூப்பிட்டதில்லை. இப்போது கூப்பிட்டு என்ன கேட்பேன். கேட்டால் அது உண்மையாகிவிடும். கேட்காதவரை எலி இருக்கிறது, பழைய காகிதம் இருக்கிறது, கப்பல் இருக்கிறது. வீட்டில் ப்ளேடு என்று ஒரு பொருளே கிடையாது. சுகந்தி பென்சில் சீவிகளின் திருகாணியைக்கூடக் கழற்றி உள்ளே இருந்த தகட்டை எடுத்துவிட்டாள், நான் சவரத்துக்கு மெஷின் வாங்கிக்கொண்டேன், காய் நறுக்கும் கத்தி பீரோவில் பட்டுப் புடவைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது, விடிவதற்கு முன் எழுந்து அன்றைக்கு வேண்டிய காயை எல்லாம் நறுக்கி வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டிவிடுவாள். வேலைக்கு வரும் பாக்கியம் சிரிக்கிறது. இதென்னங்க்கா, கத்திய நகையாட்டம் பூட்டி வெக்கறீங்க. சுகந்தியும் சிரித்துவிட்டு, அங்க இருந்து பழகிருச்சு என்றாள். அங்க என்றால் எதை வேண்டுமானாலும் நம்பிவிடுகிறார்கள். ஏன் திரும்பி வந்துட்டீங்க என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் குளிர் பாப்பாவுக்கு ஒத்துக்கல என்று சொன்னோம், லீட்ஸில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு. யாரும் மறுத்துக் கேட்கவில்லை. அங்கே அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சின்ன அறையில், மேசை மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை எங்கள் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டு பிள்ளைகளின் மனநலம் பார்க்கிற அம்மாள் பேசிய ஆங்கிலம் முழுவதும் எனக்குப் புரிந்தது, ஒவ்வொரு சொல்லும் பஞ்சில் சுற்றின மாதிரி இருந்தது. வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து, சரியாகக் கேட்டுக்கொள்ளாத சுகந்திக்கு அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. தமிழில் பஞ்சு இல்லை. தன்னத் தானே அறுத்துக்கறாளாம் என்றேன். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டதன் அர்த்தம் அந்தக் காருக்குள்தான் எங்கள் இருவருக்கும் புரிந்தது. இங்கே இந்த வெயிலிலும் அவள் முழுக்கைதான், பழைய தழும்புக்காக என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், பழைய என்கிற சொல்லை நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது ஸ்பீக்கர். காந்தம் சின்னது, விலை பெரியது, யாரோ வெளிநாட்டிலிருந்து வரவழைத்து வேண்டாமென்று விட்டுப்போனதாம். முதலில் வாசித்த அதே மூன்று ஸ்வரக்கூட்டுகளை வாசித்தேன், ஒப்பிட வேண்டுமென்றால் ஒன்றையே வாசிக்க வேண்டும், கை மாறினால் காது ஏமாறும். எவர்சில்வர் டம்ளரில் கரண்டி பட்ட மாதிரி ஒரு பளீர். அழகுதான். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது, தப்பும் தனித்தனியாகக் கேட்கும். இதை மாட்டினால் அவள் ஒரு தப்பைக்கூட மறைக்க முடியாது, வெளியில் இருக்கும் நான் எல்லாவற்றையும் கேட்பேன், அது எனக்கு நல்லது, அவளுக்கு அல்ல. இப்படி ஒரு ஸ்பீக்கரை வேவு பார்க்கத் தேர்ந்தெடுப்பவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "புதுசுல கொஞ்சம் வெறைப்பாத்தான் இருக்குமுங்" என்றார் நாச்சிமுத்து. "வாசிக்க வாசிக்கத்தான் எளகும். இப்பக் கேக்கற குரல வெச்சு முடிவு கட்டாதீங்." எந்தக் குரலை வைத்து முடிவு கட்டுவது. அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது, வந்ததா, நானே வரவழைத்தேனா. முன்பு ஒரு காலத்தில் கிட்டார்காரர்கள் வேண்டுமென்றே ஸ்பீக்கர் காகிதத்தை ப்ளேடால் கீறுவார்களாம். சுத்தமான சத்தம் அலுத்துப்போய், கரகரப்பு வேண்டுமென்று. கீறிய காகிதம் படபடத்து, கோபம் வந்தவன் குரல் மாதிரி ஆகிவிடும். கல்லூரி விடுதியில் ஏதோ ஆங்கிலப் பத்திரிகையில் படித்தது, அன்றைக்கு எங்களில் ஒருவனுக்கும் கீறுவதற்குச் சொந்தமாக ஒரு ஸ்பீக்கர் இல்லை. இதை ஆதிரையிடம் சொல்லியிருக்கிறேனா. சொல்லியிருப்பேன். காரில் போகும்போது, மழை, நெடுஞ்சாலை, அவள் பின் இருக்கையில். சொன்னேன், சிரித்தாள். சிரித்தாளா, காதில் ஹெட்போன் இருந்ததா. ஹெட்போன் இருந்திருந்தால் சிரித்தது வேறு எதற்கோ. அந்த மழைக்குள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தேன், கண்ணாடித் துடைப்பான் தெரிகிறது, பின்கண்ணாடியில் அவள் நெற்றி தெரிகிறது, காது மட்டும் தெரியவில்லை. அவள் கேட்டிருந்தால் இது ஒரு சத்தத்தைத் தேடிப் போன பெண்ணின் வேலை, நான் பெருமைப்படலாம். கேட்டிருக்காவிட்டால். ஒரே கோடு, இரண்டு அர்த்தம், இரண்டுக்கும் ப்ளேடு வேண்டும். எப்படிச் சுற்றி வந்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. பெருமைக்குரிய அந்தப் பெண்ணிடமும் ப்ளேடு இருக்கிறது.

"மூணாவதையும் பாத்துருங் சார், அவசரமுங்களா?" என்றார் நாச்சிமுத்து, என் முகத்தில் எதையோ பார்த்து. இல்லை என்றேன். இல்லை என்று ஏன் சொன்னேன். எழுந்து ஓட வேண்டியவன் ஸ்டூலில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, மூன்றாவது ஸ்பீக்கரின் கூம்பில் வரிவரியாக இருக்கிற மடிப்புகளைத் தடவிப் பார்த்து, இது காகிதமா சணல் கலந்ததா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். சணல் கலந்ததுங், கொஞ்சம் மெத்துனு இருக்கும். மெத்தென்று இருக்கட்டும். அவளுக்கு மெத்தென்று எதையாவது வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஓடினாலும் முக்கால் மணி நேரம் ஆகும், கூப்பிட்டால் ஒரு நொடி, இரண்டையும் செய்யாமல் மூன்றாவதாக ஒன்றை வாசிக்கிறேன். நடுத்தரமான, யாரையும் தொந்தரவு செய்யாத குரல். அடுத்த வீட்டுக்காரர் குரல். நல்ல மனிதர், ஒன்றும் கேட்க மாட்டார். "இதுதானுங் உங்களுக்குச் சரி" என்றார் நாச்சிமுத்து. நல்ல வியாபாரி, வாங்குகிறவனைப் பார்த்துத்தான் பொருளைச் சொல்கிறார். துரைசாமிக்கு ஒப்பவில்லை. "ஏனுங் சார், பழசையும் ஒருக்கா போட்டுக் கேட்டுருங்க. எது போச்சுன்னு தெரிஞ்சாத்தானே எது வேணும்னு தெரியும்." "கிழிஞ்சத எதுக்குப்பா போட்டுக்கிட்டு" என்று முனகிக்கொண்டே நாச்சிமுத்து கிளிப்பை அதில் கவ்வவைத்தார். நான் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். மேசையில் மல்லாந்திருந்த அந்தக் கூம்பைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன். கோடுகள் அசைந்தன. ஒவ்வொரு கோட்டின் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று உரசி உரசி விலகின, அந்த உரசல்தான் சத்தமாக வந்தது, கரகரவென்று, அழுது முடித்தவன் பேச ஆரம்பிக்கிற மாதிரி. கேட்கச் சகிக்கவில்லை, நிறுத்தவும் தோன்றவில்லை. இதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் வாரக்கணக்கில் கேட்டது. கேட்டபோது, ஐயோ ஸ்பீக்கர் போச்சே என்றுதான் கேட்டேன். கரகரப்பு வருவதற்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் வாசித்தாள். கொஞ்சம் டொய்ங் டொய்ங், அப்புறம் அமைதி, அந்த அமைதிக்குப் பயந்து நாங்கள் இருவரும் கூடத்தில் டிவியைச் சின்னதாக வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். கரகரப்பு வந்த பிறகு சாப்பிடக் கூப்பிட்டாலும் நிறுத்த மாட்டேன் என்கிறாள். சுகந்தி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்று, என்னங்க இது, விடாம கர்ருனு, என்று சலித்துக்கொள்வாள், அந்தச் சலிப்பில் ஒரு நிம்மதி இருக்கும். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் நான் கேட்டது காகிதத்தை மட்டும். கிட்டாரைத் துரைசாமியின் மடியில் வைத்தேன், குழாய் ஸ்பீக்கருக்கு மேலேயே. போனை எடுத்தேன். என்ன கேட்பது என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வந்தது, பஞ்சு சுற்றினது. விட்டுவிட்டேன்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். "என் ஆம்ப் எங்கப்பா?" "எங்கிட்டதான் இருக்கு. கடையில." "வேண்டாம்னு சொன்னேன்ல." "சொன்ன. நான்தான் கேட்டுக்கல." கடைக்கு வெளியே படியில் வந்து நின்றேன், டவுன் பஸ் ஒன்று என்னை உரசுவது போலத் திரும்பியது. "கழட்டிட்டாங்களா?" "ம்." "பாத்துட்டீங்களா?" "பாத்தேன்." குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டேன். "அது இப்ப எங்க இருக்கு ஆதி?" எது என்று அவள் கேட்கவில்லை. "எங்கிட்டதான்." படியில் உட்கார்ந்தேன். "ஒரு நாள் ரொம்ப மோசமா இருந்துச்சுப்பா. அதான் ஸ்பீக்கர் மேல போட்டேன்." பிறகு, "வேற எங்கயும் போடல" என்றாள். "சரி." "நிஜமா." "சரிம்மா." "அடுத்த நாள் ஆன் பண்ணா அப்படி ஒரு சத்தம். எனக்கு உள்ள இருக்கற மாதிரியே. அப்புறம் அதை மாத்த மனசு வரல." எலி, மழை, பத்திரிகை, எதிலும் இது இல்லை. இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தும் இந்த ஒன்றை நான் எட்டவே இல்லை. "மாத்தலம்மா. பழசையே மாட்டி எடுத்துட்டு வர்றேன்." "ம்." "அதை..." என்று ஆரம்பித்தேன். "நீங்க வந்து வாங்கிக்கோங்க" என்றாள் அவள், நான் முடிப்பதற்குள். "அம்மாகிட்ட குடுக்க முடியாது. அழுவாங்க." "நானும்தான் அழுவேன்." "நீங்க அழுதா காமெடியா இருக்கும். பரவால்ல." மூக்கை உறிஞ்சினாள். பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்துக்கறியா என்று கேட்டேன். வேண்டாம், அவங்க சீரியல் பார்க்க வெச்சுருவாங்க என்றாள். "அப்ப போனை வெச்சுரட்டுமா, ஆட்டோ பிடிக்கணும்." பிறகு சின்னதாக, "வெக்காதீங்க."

உள்ளே போய், பழசையே மாட்டிக் கொடுங்க என்றேன். நாச்சிமுத்துவுக்கு வருத்தம்தான். "அப்பறம் எதுக்குங் சார் இத்தன நேரம் மூணையும் மாத்தி மாத்திக் கேட்டீங்" என்றார். துரைசாமி என் கையிலிருந்த போனையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எழுந்து வந்து பெட்டியின் மறுமூலையைப் பிடித்துக்கொண்டார், சீக்கிரம் முடுக்குப்பா என்று நாச்சிமுத்துவை அதட்டினார். ஆட்டோவில் பெட்டி என் மடியிலும் பக்கத்து இருக்கையிலுமாக உட்கார்ந்திருந்தது, போன் காதில். அந்தப் பக்கம் மின்விசிறிச் சத்தம் கேட்டது, அவள் எழுந்து நடப்பது கேட்டது, எங்கே நடக்கிறாள், ஒரு கதவு, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லை நீண்டது. லாலி ரோடு சிக்னலில் எல்லாம் நின்றுவிட்டது, முன்னால் கரும்பு ஏற்றின லாரி, ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைத் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆதி என்று கூப்பிட வாயெடுத்தேன். அப்போது அது வந்தது, ஆம்ப்ளிஃபயர் இல்லாத எலக்ட்ரிக் கிட்டார், கொசு ரீங்காரம் போல, வெறும் கம்பியின் சத்தம். போனை எங்கேயோ பக்கத்தில் வைத்துவிட்டு வாசிக்கிறாள். என்ன வாசிக்கிறாள் என்று தெரியவில்லை, ஹாரன்களுக்கு நடுவில் பாதிதான் கிடைத்தது. ஒரு கை கம்பியை அழுத்துகிறது, ஒரு கை மீட்டுகிறது. கிட்டாருக்கு இரண்டு கையும் வேண்டும். பச்சை விழுந்ததா இல்லையா என்று நான் பார்க்கவில்லை, காதை இன்னும் இறுக்கி வைத்துக்கொண்டு, நிறுத்திவிடாதே, வாசித்துக்கொண்டே இரு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.